லோடு வண்டிக்கும் நாடி பார்க்கலாம்!

சமையல் குறிப்பும் கைவைத்தியமும் வருகிற பக்கத்தில் இவள் என்ன வண்டி ரிப்பேரைப் பற்றி எழுத வந்துவிட்டாள் என்று நினைக்காதீர்கள், சகோதரிகளே. எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதே வாசலில் நிற்கும் குட்டி லோடு வண்டியால்தான். பிக்கப் என்கிறார்களே, முன்னால் டிரைவரும் இன்னொருவரும் உட்கார இடம், பின்னால் திறந்த தொட்டி, அந்த வகை. என் கணவர் நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் விடிகாலையில் பூ ஏற்றி, மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் கொண்டுபோய் இறக்குகிறார். மல்லிகை மொட்டு இருக்கிறதே, அது யாருக்காகவும் காத்திருக்காது. காலையில் பறித்தது மாலையில் விரிந்துவிடும். எட்டு மணிக்கு ஒரு விலை, பத்து மணிக்கு வேறு விலை. அந்த நேரத்தில் சாவியைத் திருப்பினால் ‘டொக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்து, வண்டி கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்? அன்றைய வாடகை போவது மட்டுமா? பூத்தோட்டக்காரர்கள் மறுநாள் வேறு வண்டியைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

எஞ்சினுக்குள் கோளாறு என்றால் அதற்கு மெக்கானிக்தான் வேண்டும். ஆனால் லோடு வண்டி வைத்திருப்பவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள், அடிக்கடி மானத்தை வாங்குவது எஞ்சின் அல்ல, கரண்ட் சமாசாரம்தான் என்பார்கள். பேட்டரி, செல்ஃப், லைட், ஃபியூஸ், ஒயர். இதில் வேடிக்கை என்னவென்றால், பல சமயம் எந்தப் பாகமும் கெட்டிருக்காது. கரண்ட் போகிற வழியிலோ திரும்பி வருகிற வழியிலோ எங்கேயோ ஓரிடத்தில் தடை. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் பாகம் பாகமாக மாற்றிக்கொண்டே போனால் கைக்காசுதான் கரையும். எங்கள் வீட்டில் பதினைந்து மாதத்தில் இரண்டு பேட்டரி வாங்கியாகிவிட்டது. மூன்றாவதற்கு என் சீட்டுப் பணத்தைக் கேட்டார் என் கணவர். அப்போதுதான் ‘கொஞ்சம் பொறுங்க, எனக்கும் இது என்னன்னு தெரியணும்’ என்று நான் உட்கார்ந்தேன்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். நாற்பது வருஷம் லாரிப் பட்டறையில் ஒயரிங் வேலை பார்த்தவர். இப்போது கண் சரியாகத் தெரியாததால் வேலையை விட்டுவிட்டார். கண்தான் மங்கியதே தவிர புத்தி கூர்மை. சாயங்காலம் காபி எடுத்துக்கொண்டு போய்ச் சந்தேகம் கேட்பேன். அவர் முதல் நாள் சொன்னதையே நான் இன்றைக்கும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்: “எடுத்த எடுப்புல எதையும் மாத்தாத தாயி. கரண்டு எதுவரைக்கும் வருதுன்னு பாரு. வந்த கரண்டு திரும்பிப் போகுதான்னு பாரு. அதுக்கப்புறம் பர்ஸைத் திற.”

வந்த கரண்ட் திரும்பிப் போக வேண்டுமா? ஆம். நம் வீட்டுச் சுவரில் ஸ்விட்சுக்கு ஒயர் போவதும் வருவதும் தெரியும். வண்டியில் போவதற்குத்தான் ஒயர். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஃபியூஸ் வழியாக, ஸ்விட்ச் வழியாக, பல்புக்குப் போகிறது. திரும்பி வருவதற்குத் தனி ஒயர் பேட்டரி வரை கிடையாது. வண்டியின் இரும்பு உடம்பேதான் திரும்பும் வழி. பல்பிலிருந்து ஒரு சின்ன ஒயர் வந்து பக்கத்து இரும்பில் போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கும். அதைத்தான் ‘எர்த்’ என்கிறார்கள். பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்தும் ஒரு தடித்த ஒயர் அதே இரும்பு உடம்பில் சேர்கிறது. இதை நன்றாக மனசில் வாங்கிக்கொண்டால் பாதி வித்தை வந்த மாதிரி.

கையை வைப்பதற்கு முன் நம்முடைய நகைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வண்டி பேட்டரி 12 வோல்ட். வீட்டு மின்சாரம் 230 வோல்ட் மாதிரி தொட்டதும் ஷாக் அடிக்காது. அதனால் பயமில்லை என்று அலட்சியமாக இருக்கக்கூடாது. பிளஸ்ஸுக்கும் இரும்பு உடம்புக்கும் நடுவில் உலோகம் எதுவும் பட்டால் ஒரே நொடியில் நெருப்பாகப் பழுத்துவிடும். குனியும்போது தாலிச் சங்கிலி முன்னால் தொங்கும், இல்லையா? அதைச் சட்டைக்குள் விட்டு ஊக்கு குத்திக்கொள்ளுங்கள். வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எல்லாம் கழற்றி வையுங்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடும்போது பெல்ட் பக்கம் துணி போகவே கூடாது. பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். அது சட்டென்று தீப்பிடிக்கும். பக்கத்தில் சிம்னி விளக்கு, தீக்குச்சி, பீடி ஒன்றும் ஆகாது. உள்ளே இருப்பது கந்தக அமிலம். மேலே பட்டால் உடனே குழாயைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரமாவது கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் அப்படிக் கழுவிவிட்டு, தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். பிள்ளைகளை எட்ட நிறுத்துங்கள்.

பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதையே கடைசியில் மாட்டுங்கள். மைனஸைக் கழற்றிய பிறகு ஸ்பானர் தவறி இரும்பில் பட்டாலும் பொறி கிளம்பாது. அவ்வளவுதான் அதன் ரகசியம்.

இனிமேல் ஆயுதங்கள். வீட்டில் ஃபேன் ஓடாவிட்டால் பிளக்கில் செருகிப் பார்ப்போமே, உள்ளே சிவப்பாக மினுக்கும் ஸ்க்ரூ டிரைவர் டெஸ்டர், அது வண்டிக்கு உதவாது. அதில் இருக்கும் நியான் விளக்கு 12 வோல்ட்டுக்கு எரியவே எரியாது. அதை வைத்துப் பார்த்துவிட்டு ‘கரண்டே வரலை’ என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. வண்டிக்கு வேண்டியது டெஸ்ட் லாம்ப். கடையிலும் கிடைக்கும், நான் வீட்டிலேயே செய்துகொண்டேன். 12 வோல்ட் 5 வாட் பார்க்கிங் பல்பு ஒன்று, அதற்கு ஹோல்டர், இரண்டு துண்டு ஒயர். ஒரு ஒயரின் முனையில் கிளிப், இன்னொன்றின் முனையில் பழைய கோணி ஊசி. கிளிப்பைச் சுத்தமான இரும்பில் மாட்டிவிட்டு, ஊசியால் கரண்ட் வரவேண்டிய இடத்தைத் தொட்டால் பல்பு எரியும். எரியாவிட்டால் அதற்கு முந்தின இடத்தைத் தொடுங்கள். எரிகிற இடத்துக்கும் எரியாத இடத்துக்கும் நடுவில்தான் திருடன் ஒளிந்திருக்கிறான்!

இன்னொன்று மல்டிமீட்டர். நானூறு ரூபாய்க்குள் நான் வாங்கினது. இது நம் வீட்டுத் தெர்மாமீட்டர் மாதிரி. காய்ச்சல் என்று கையை வைத்துச் சொல்வதற்கும் 102 டிகிரி என்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா? ராத்திரி முழுக்க ஓடாமல் நின்ற வண்டியின் பேட்டரியில் சிவப்பு ஒயரைப் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். நிறைந்த பேட்டரி அது. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் அநேகமாகக் காலி. பார்த்தீர்களா, 12 வோல்ட் பேட்டரியில் 12 இருந்தால் நிறைய இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் கால் பங்குதான் மிச்சம். எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. ஓடும்போதும் 12-லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-க்கு மேல் ஏறினால் அளவுக்கு மீறி ஏறுகிறது. அப்படியே விட்டால் பேட்டரி வெந்துபோகும்.

முதன்முதலில் நான் கண்டுபிடித்த கோளாறைச் சொல்கிறேன். எங்கள் வண்டிக்கு எட்டு வயது தாண்டிவிட்டதால் வருஷா வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும். அதற்காகத் தொட்டிக்கு வெல்டிங் வைத்து, புதுப் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்தார்கள். பளபளவென்று கல்யாணப் பெண் மாதிரி வந்தது. அன்று ராத்திரி இடது பக்கப் பின்விளக்குக்குப் பேய் பிடித்துவிட்டது! பார்க்கிங் லைட் எரியும்போது பிரேக்கை மிதித்தால் பளிச்சென்று எரிய வேண்டியது மங்கிப்போகிறது. இடது இண்டிகேட்டர் போட்டால் கூடவே பார்க்கிங் லைட்டும் மினுக்கு மினுக்கு என்கிறது. பல்பை மாற்றினார்கள். சரியாகவில்லை. ஃபிளாஷரை மாற்றினார்கள். ஊஹூம். விளக்குப் பெட்டியையே முழுசாகப் புதிதாகப் போட்டார்கள். அதே கூத்து. விடிந்தும் விடியாத நேரத்தில் நெடுஞ்சாலையில் போகிற வண்டி; பின்னால் வரும் லாரிக்காரனுக்கு இவர் பிரேக் போட்டது தெரியாவிட்டால்? அந்த இரண்டு வாரமும் அவர் போய்ச் சேர்ந்து போன் பண்ணும் வரை எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பெரியவரிடம் போய் லட்சணங்களைச் சொன்னேன். சிரித்தார். “உங்க வீட்டுல சமையக்கட்டுத் தொட்டித் தண்ணியும் குளியலறைத் தண்ணியும் ஒரே சாக்கடைக் குழாய்லதான போவுது? அந்தக் குழாய் அடைச்சுக்கிட்டா என்னாவும்?” என்றார்.

அது நமக்குத் தெரியாததா! அடுப்படியில் பாத்திரம் கழுவினால் குளியலறை ஜாலியில் சாம்பார்த் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வரும்.

“அதேதான் தாயி. பிரேக்கு லைட்டு, பார்க்கிங் லைட்டு, இண்டிகேட்டர் எல்லாத்துக்கும் அந்தப் பக்கம் ஒரே எர்த்து. அது அடைச்சுப் போனா கரண்டு பக்கத்து பல்பு வழியாப் புகுந்து ஊரைச் சுத்திக்கிட்டுப் போவும். அதுதான் உனக்குப் பேயாத் தெரியுது.”

மறுநாள் வண்டி சும்மா நின்ற மத்தியானம் நானும் என் கணவரும் பார்த்தோம். மீட்டரின் கறுப்பு ஒயரை நீளமான ஒயரால் இழுத்துப் பேட்டரி மைனஸில் மாட்டினோம். சிவப்பை அந்த விளக்கின் எர்த் ஒயரில் வைத்தோம். விளக்கைப் போட்டுவிட்டுப் பார்த்தால் அங்கே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். திரும்பும் வழி சரியாக இருந்தால் அங்கே வோல்ட் தேங்காது. எங்களுக்கு 5 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். தொட்டிக்கு அடியில் ஒரு போல்ட். அதைக் கழற்றினால் வளையத்துக்கும் இரும்புக்கும் நடுவில் புதுப் பெயின்ட் மொழுமொழுவென்று உட்கார்ந்திருக்கிறது! பெயின்ட் வழியாகக் கரண்ட் எப்படிப் போகும்? உப்புத்தாளை வைத்து இரும்பு வெள்ளையாகத் தெரியும் வரை தேய்த்தோம். வளையத்தையும் தேய்த்தோம். இறுக்கி முடுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினோம், துருப்பிடிக்காமல் இருக்க. பேய் ஓடிப்போச்சு. செலவு, ஒரு தாள் உப்புத்தாள்.

வண்டிக்குப் பெயின்ட் அடித்த பிறகோ, வெல்டிங் வைத்த பிறகோ விளக்குகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் எரிந்தால் முதல் சந்தேகம் எர்த் மேல்தான் வர வேண்டும். வெல்டிங் என்றதும் ஞாபகம் வருகிறது. வண்டியில் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். இப்போதைய வண்டிகளில் சின்னக் கம்ப்யூட்டர் பெட்டிகள் இருக்கின்றன. வெல்டிங் கரண்ட் அதில் பாய்ந்தால் பெரிய செலவு.

நான் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அம்மா, “பொம்பளைக்கு எதுக்குடி இந்த வேலை?” என்றார். அவருக்கு நான் ஒரு கதை சொன்னேன். 1888-ல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பவர் மோட்டார் வண்டி செய்து வைத்திருந்தார், வாங்கத்தான் ஆளில்லை. அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் என்ன செய்தார் தெரியுமா? வீட்டுக்காரரிடம் சொல்லாமல், இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு, 100 கிலோமீட்டருக்கு மேல் அந்த வண்டியை ஓட்டித் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். வழியில் எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தும் ஊசியால் குத்தி எடுத்தார். பொறி கொடுக்கும் ஒயரின் தோல் தேய்ந்துபோனபோது, காலுறையை இறுக்கிக் கட்டும் பட்டையைக் கழற்றி அதன்மேல் சுற்றினார் என்று சொல்கிறார்கள். மோட்டார் வண்டியின் கரண்ட் ரிப்பேரை நடுரோட்டில் முதலில் பார்த்ததே நான்கு பிள்ளை பெற்ற ஒரு தாய்தான் என்றேன். எதிர்வீட்டு அம்மா, “அவளுக்கும் தாய்வீட்டுக்குப் போகணும்னாத்தான் தைரியம் வந்திருக்கு பாரு!” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சரி, காலையில் வண்டி எடுக்காத கதைக்கு வருவோம். மீட்டர்கூட வேண்டாம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் முன்னால் நின்று பாருங்கள். சாவி திருப்பியதும் லைட் அடியோடு மங்கிப்போனால் ஒன்று பேட்டரி காலி, அல்லது பேட்டரி முனையில் பிடிப்பு சரியில்லை. லைட் அப்படியே பளிச்சென்று இருக்க, செல்ஃப் சத்தமே இல்லை என்றால் செல்ஃபுக்குக் கரண்ட் போய்ச் சேரவில்லை. பேட்டரி மேல் பழி போடாதீர்கள். மீட்டர் இருந்தால் சாவி திருப்பும்போது பேட்டரியில் வைத்துப் பாருங்கள். பத்து வோல்ட் அளவுக்கு இறங்குவது சகஜம். ஆறு, ஏழுக்குச் சரிந்தால் பேட்டரிக்குச் சீக்கு.

பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறதா? நாம் தோசை மாவில் போடுகிற சமையல் சோடா இருக்கிறதே, அதுதான் மருந்து. மைனஸை முதலில் சொன்ன மாதிரி கழற்றிவிட்டு, ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் சோடாவைக் கரைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். பேட்டரியின் மூடித் துவாரங்களுக்குள் சோடாத் தண்ணீர் போகக்கூடாது, கவனம். துடைத்து, உப்புத்தாள் போட்டு, இறுக்கி மாட்டி வாசலின் தடவுங்கள். பார்வைக்குச் சுத்தமாக இருக்கும் முனையும் ஏமாற்றும். மீட்டரின் ஒரு ஊசியை ஈய முனையின் மேலும், இன்னொன்றை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப் மேலும் வைத்து, சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கண்ணுக்குத் தெரியாத அழுக்கு நடுவில் இருக்கிறது. பேட்டரிக்குத் தண்ணீர் விடும் வகை என்றால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான். குழாய்த் தண்ணீர், மினரல் வாட்டர் ஆகாது.

ஃபியூஸைப் பற்றி இரண்டு வார்த்தை. டேஷ்போர்டுக்குக் கீழே சின்னப் பெட்டியில் கலர் கலராகப் பிளாஸ்டிக் வில்லைகள் இருக்கும். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. எரிந்துபோனால் அதே கலரைத்தான் போட வேண்டும். மறுபடியும் எரிந்தால் ‘பெருசாப் போடுவோம்’ என்பதும், சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுருட்டி வைப்பதும் பட்டறைகளில் சர்வ சாதாரணம். ஃபியூஸ் என்பது ஒயரைக் காப்பாற்றத் தன்னைக் கொடுக்கும் காவல்காரன். 15 தாங்கும் ஒயருக்கு 30 போட்டால் காவல்காரன் நிற்பான், ஒயர் எரியும். ஒயர் எரிந்தால் அது கேபினுக்குள் எரியும். அந்தக் கேபினில்தான் ஊருக்குப் போகும்போது நம் பிள்ளை மடியில் தூங்கிக்கொண்டு வருகிறது.

இப்போது அந்த மூன்றாவது பேட்டரி விஷயம். எங்கள் வண்டி பனிக்காலத்தில்தான் படுத்துக்கொள்ளும். மார்கழி, தை வந்தால் போதும். ‘குளிருக்குப் பேட்டரி செத்துப்போச்சு’ என்று சொல்லிச் சொல்லி இரண்டு பேட்டரி மாற்றினார்கள். குளிரில் பேட்டரிக்குச் சக்தி குறையும் என்பது உண்மைதான். ஆனால் நிலக்கோட்டைக் குளிர் என்ன காஷ்மீர்க் குளிரா? எனக்கு வேறொன்று பட்டது. பனிக்காலத்தில் மல்லிகை வரத்துக் குறைந்துபோகும். மற்ற மாதங்களில் தினமும் ஓடுகிற வண்டி அப்போது இரண்டு நாள், மூன்று நாள் சும்மா நிற்கும். காலண்டரில் நான் வாடகைக் கணக்கு எழுதுவது வழக்கம். எடுத்துப் பார்த்தால் வண்டி படுத்த நாட்கள் எல்லாம் இரண்டு நாள் நின்ற பிறகு வந்த நாட்கள்! அப்படியானால் குளிரல்ல; வண்டி நிற்கும்போது யாரோ கரண்ட்டைக் குடிக்கிறார்கள்.

இதைப் பார்ப்பதற்கு மீட்டரை வேறு மாதிரி வைக்க வேண்டும். சிவப்பு ஒயரை மீட்டரில் 10 ஆம்பியர் என்று எழுதிய துளைக்கு மாற்றி, பொத்தானையும் அங்கே திருப்ப வேண்டும். சாவியை எடுத்துவிட்டு, கதவுகளை மூடிவிட்டு, மைனஸ் ஒயரைக் கழற்றி, அந்த ஒயருக்கும் மைனஸ் முனைக்கும் நடுவில் மீட்டரைப் பாலம் மாதிரி வைத்தேன். இப்படி வைத்திருக்கும்போது செல்ஃப் போடவோ ஹெட்லைட் போடவோ கூடாது, மீட்டர் போய்விடும். ஆம்பியரில் வைத்த மீட்டரைப் பிளஸ்ஸிலும் மைனஸிலும் நேராக வைக்கவே கூடாது. அது இரும்புக் கம்பியால் இரண்டையும் சேர்த்த மாதிரி. பார்த்து முடித்ததும் சிவப்பு ஒயரைப் பழைய துளைக்கு மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

கடிகாரமும் கம்ப்யூட்டர் பெட்டியும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளத்தான் செய்யும். அவை அடங்கக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டுப் பார்க்க வேண்டும். அப்போது 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. எங்களுக்கு எவ்வளவு காட்டியது தெரியுமா? 0.62! கடைக்கணக்குப் போடுவது மாதிரி போட்டுப் பார்த்தேன். 24 மணி நேரத்துக்கு 15 ஆம்பியர்-அவர் ஆகிறது. பேட்டரி மேல் 60 என்று போட்டிருக்கிறது. இரண்டு நாள் நின்றால் பாதி காலி. மூன்றாம் நாள் டீசல் எஞ்சினைச் சுற்றிவிட அதற்குத் தெம்பு ஏது?

குடிப்பவன் யார் என்று பார்க்க ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த வழியில்தான் கோளாறு. ஒன்று, இரண்டு, மூன்று... கடைசி ஃபியூஸையும் பிடுங்கியாகிவிட்டது, எண் அசையவில்லை. என் கணவர், “மீட்டரே கோளாறு போல, விடு” என்றார். எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை. எல்லா ஃபியூஸையும் எடுத்த பிறகும் கரண்ட் போகிறது என்றால், ஃபியூஸ் பெட்டிக்கு வராமலே எங்கோ ஒரு குறுக்கு வழி இருக்கிறது என்றுதானே அர்த்தம்? பிளஸ் முனையில் என்னென்ன ஒயர் மாட்டியிருக்கிறது என்று எண்ணினோம். கம்பெனி ஒயர்களோடு ஒரு மெல்லிய சிவப்பு ஒயர் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றியதும் எண் சட்டென்று 0.03-க்கு இறங்கியது.

அந்த ஒயர் போன இடம் பாட்டுப் பெட்டியின் ஆம்ப்ளிஃபையர். வண்டி அலங்காரம் செய்யும் கடையில் சீரியல் லைட்டும் பாட்டும் வைத்தபோது, சாவி வழியாகக் கொடுக்காமல் நேராகப் பேட்டரியில் கொடுத்துவிட்டார்கள். பாட்டை நிறுத்தினாலும் ஆம்ப்ளிஃபையர் தூங்குவதில்லை. அது போகட்டும். ஒயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இரும்புத் தகட்டில் துளை போட்டு, ரப்பர் வளையம்கூட வைக்காமல் ஒயரை நுழைத்திருந்தார்கள். வண்டி குலுங்கிக் குலுங்கித் தகட்டின் விளிம்பு ஒயர்த் தோலைப் பாதி அறுத்திருந்தது. அந்த ஒயரில் ஃபியூஸ் கிடையாது. இன்னும் கொஞ்சம் அறுந்து செம்பு இரும்பில் பட்டிருந்தால், தடுக்க ஆளில்லாமல் ஒயர் முழுக்கப் பழுத்து, டிரைவர் காலடியில் இருக்கும் விரிப்புதான் முதலில் பற்றியிருக்கும். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒயரைப் புதிதாக இழுத்து, பேட்டரிப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்து, சாவி போட்டால்தான் பாட்டு என்று பட்டறையில் மாற்றிக்கொண்டோம். துளைக்கு ரப்பர் வளையமும் போட்டாயிற்று. இரண்டாவதாக வாங்கின பேட்டரியே இப்போதும் ஓடுகிறது. சீட்டுப் பணம் பெரியவளின் பள்ளிக்கூடத்துக்குப் போனது.

எல்லாவற்றையும் நாமே செய்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. மஞ்சள் உறை போட்ட ஒயர்கள் இருந்தால் அவை ஏர்பேக் சம்பந்தப்பட்டவை, கையே வைக்காதீர்கள். 2020-லிருந்து வரும் பி.எஸ். 6 வண்டிகளில் எஞ்சினைச் சுற்றி சென்சார் ஒயர்கள் நிறைய. அவற்றில் டெஸ்ட் லாம்ப் ஊசியைக் குத்தக் கூடாது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்த்து ‘சார்ஜ் ஏறுது’ என்று சொல்லும் பழைய பழக்கம் சிலரிடம் இருக்கிறது. இப்போதைய வண்டியில் அது ஆல்டர்னேட்டரையும் கம்ப்யூட்டரையும் காவு வாங்கிவிடும். வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லுங்கள். பட்டறைக்குப் போகும்போது, “பேட்டரி மாத்தணும்” என்று போகாமல், “ராத்திரி நின்ன பிறகு 12.6 இருக்கு, சாவி திருப்பினா 10-க்கு இறங்குது, ஓடும்போது 14 காட்டுது” என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். டாக்டரிடம் காய்ச்சல் அட்டவணை கொடுக்கிற மாதிரிதான். பட்டறைக்காரர் ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்ப்பார்.

பூ ஏற்றும் வண்டிக்காரர்கள் வீட்டுக்கு மட்டும் ஒன்று. வாழைநாரும் உதிர்ந்த பூவும் சீட்டுக்கடியில் கிடந்தால் எலி வந்து கூடு கட்டும். கூடு கட்டின எலி ஒயரைக் கடிக்காமல் போகாது. வாரம் ஒரு தடவை பெருக்கித் தள்ளுங்கள்.

செத்துப்போன பேட்டரியைத் திண்ணை ஓரத்திலோ கோழிக்கூண்டுப் பக்கத்திலோ போட்டு வைக்காதீர்கள். உள்ளே இருப்பது ஈயமும் அமிலமும். ஈயத் தூசி கைப்பட்டு வாய்க்குப் போனால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். புதுசு வாங்கும்போது பழையதைக் கடையில் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்கிறார்கள், அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். பேட்டரியைத் தொட்ட கையை, உங்களவர் கையையும் சேர்த்து, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும்.